கடல் காற்றுப் பட்ட காருக்கு வீட்டிலேயே துரு வேலை

காரில் துரு தெரிந்ததும் பெயின்ட் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்தவையுங்கள். பெயின்ட் வாங்குவது இந்த வேலையில் கடைசி. பாதிப் பேர் அதிலேயே ஆரம்பிப்பதால்தான் அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி கொப்புளம் கிளம்புகிறது.

நான் டிங்கரிங் தொழிலாளி இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, பணகுடி பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். காற்று சீசன் ஓய்ந்த மாதங்களில் கோபுரங்களில் துரு எடுத்து எபாக்ஸி பெயின்ட் அடிக்கிற வேலையும் எங்களுக்கு உண்டு. இரும்புக்குத் தான் கோபுரமா காரா என்று தெரியாது. அங்கே எது செல்லுமோ அது கார் கதவிலும் செல்லும். தகடு மெல்லிசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே நான் சொல்லப்போவது என் மச்சினன் வண்டியில் செய்த வேலையை வைத்து. அவன் இருப்பது உவரியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. வண்டி வெள்ளை மாருதி 800, டிஎன் 72 நம்பர், கைமாறி வந்தது. 15 வருஷம் தாண்டிய வண்டியை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோக வேண்டும், அதன்பின் 5 வருஷத்துக்கு ஒருமுறை. கதவடி உதிர்ந்த வண்டியை எந்த முகத்தோடு கொண்டுபோய் நிறுத்துவது என்று என்னிடம் வந்தான்.

எங்கே பார்க்க வேண்டும்

கண்ணுக்குத் தெரிகிற துரு எப்போதும் உள்ளே இருப்பதைவிடக் குறைவு. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு கூடும். அதுதான் பெயின்டை உள்ளேயிருந்து தள்ளி, கடுகு அளவுக்குக் கொப்புளமாக எழுப்புகிறது. கொப்புளம் வெளியே வந்தபோது அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பரவியிருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கதவின் அடி விளிம்பு, பின் சக்கரத்தின் வளைவு, மட் ஃபிளாப் மாட்டியிருக்கிற ஸ்குரூவைச் சுற்றி, டிக்கியில் ஸ்டெப்னி உட்கார்ந்திருக்கும் குழி, பேட்டரி தட்டு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், மிதியடிக்கு அடியில் தரை. இவ்வளவும் பாருங்கள். மிதியடியைத் தூக்கும்போது ஈர வாடை அடித்தால் அங்கே வேலை இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற ரன்னிங் போர்டுக்குள் சேறு தங்கியிருக்கலாம். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தின்றுகொண்டிருக்கும்.

ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்'கென்று சொல்லும். துரு தின்ற இடமும், பள்ளத்தை நிரப்பப் பழைய பட்டி அப்பிய இடமும் 'தொப்' என்று செத்த சத்தம் தரும். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் நழுவுகிற இடத்தில் தகட்டின்மேல் பட்டி தடிமனாக இருக்கிறது. மச்சினன் வண்டியில் டிரைவர் பக்கக் கதவின் கீழ் ஓரம் நெடுக காந்தம் நழுவியது. முன்னால் வைத்திருந்தவர் யாரோ, துருவின் மேலேயே பட்டியை அப்பி வெள்ளையடித்து விற்றிருக்கிறார்.

அப்புறம் ஸ்குரூ டிரைவர் முனையால் கொப்புளத்தைக் குத்துங்கள். பயப்பட வேண்டாம், குத்தினால் ஓட்டை விழுகிற தகடு ஏற்கெனவே தகடு இல்லை. மேல்பூச்சு மட்டும் செதில் செதிலாக உதிர்ந்து அடியில் கெட்டி இரும்பு தட்டினால், அது வீட்டு வேலை. முனை உள்ளே போய்விட்டால் அது எந்த இடம் என்று பாருங்கள். கதவு, மட்கார்டு, பானட் போன்ற இடங்களில் சின்ன ஓட்டை என்றால் வீட்டில் சமாளிக்கலாம். ரன்னிங் போர்டு, ஜாக்கி வைக்கிற இடம், சஸ்பென்ஷன் மேல்முனை உட்காரும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், தரையின் குறுக்குச் சட்டங்கள் இவற்றில் ஓட்டை விழுந்தால் பட்டியைத் தொடவே தொடாதீர்கள். அவை வண்டியின் எலும்பு. கெட்ட தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து சி.ஓ.டூ வெல்டிங் செய்கிற டிங்கர் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

எப்போது செய்வது

நம் பக்கத்தில் இதற்கு மாசி, பங்குனிதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் இறக்கைகளுக்கு நல்லது, ஈரப் பெயின்டுக்கு எமன். உவரிப் பக்கம் தேரி மண் வேறு. சிவப்பாக வந்து வெள்ளைப் பெயின்டில் ஒட்டினால் உப்புத்தாளைத் தவிர வேறு வழி கிடையாது.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். கோபுர வேலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு: இரும்பின் சூடு பனி படிகிற வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டில் அதற்குக் கருவி தேவையில்லை. விடிகாலையில் கடலோரத்தில் தகட்டின்மேல் கையை வைத்தாலே ஈரம் தெரியும், அப்போது அடிக்கக் கூடாது. பதினொரு மணிக்கு மேல் உள்ளங்கையை வைக்க முடியாத சூடு, அப்போதும் கூடாது; பெயின்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும். இடைப்பட்ட நேரத்தில், நிழலில். வேப்ப மரத்தடி வேண்டாம், பூ உதிரும். தகர ஷெட் உத்தமம்.

முதலில் உப்பைக் கழுவுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. கடலோர வண்டியில் துருக்குழிக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு மேலே எவ்வளவு விலை உயர்ந்த பிரைமர் அடித்தாலும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் மறுபடி கொப்புளம் போடும். துரு சுரண்டுவதற்கு முன்பும், முக்கால்வாசி சுரண்டிய பின்பும் நல்ல தண்ணீர் விட்டு பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்றால் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர், இல்லையென்றால் கேன் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கிற போர்த் தண்ணீரில் கழுவுவதைவிடக் கழுவாமலே இருக்கலாம். கழுவியதும் ஒரு நிமிஷம்கூட விடாமல் துடைத்து, முடி காயவைக்கிற ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். பூச்சு இல்லாத பச்சை இரும்பு ஈரத்தோடு நின்றால் கண் முன்னாலேயே மஞ்சள் பூக்கும்.

துருவை எடுப்பது

வேலையில் பாதி இதுதான். இங்கே அவசரப்பட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண்.

ஆங்கிள் கிரைண்டர் இருந்தால் நல்லது. ஆனால் அதில் கம்பி பிரஷ் மாட்டிவிட்டு 'பளபளன்னு வந்துட்டு' என்று மகிழாதீர்கள். கம்பி துருவை எடுக்கிறதைவிட அதிகமாக மெருகேற்றும். குழிக்குள் இருக்கிற துரு கறுப்பாக மின்னும். பார்க்க இரும்பு மாதிரியே இருக்கும். செதில்களை உதிர்க்கக் கம்பி பிரஷ், அதன்பின் ஸ்பாஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஸ்ட்ரிப் டிஸ்க், அல்லது 80 நம்பர் உப்புத்தாள். கதவுத் தகட்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கிரைண்டரை ஒரே இடத்தில் நிறுத்தினால் தகடு சூடேறி நெளியும், தேய்ந்து ஓட்டையும் விழும். தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து நகர்த்துங்கள். கிரைண்டர் பொறி பட்டால் கார் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும். நனைத்த சாக்கைப் போட்டு மூடுங்கள். தின்னர் டப்பா பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். சக்கர வளைவில் வேலை என்றால் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டாண்டு மேல் வண்டியை இறக்கிய பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

எதுவரை சுரண்டுவது? நல்ல பெயின்ட் தகட்டை விடாமல் பிடித்திருக்கிற இடம் வரை. துரு முடிந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. அதைத் தாண்டி இரண்டு விரல் அகலம் போங்கள். மச்சினன் கதவில் நான் ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்து, பட்டி தகடு தகடாகப் பெயர்ந்து, கடைசியில் கதவின் கீழ் ஓரம் முழுவதும் வெள்ளி நிறத்தில் நின்றது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அத்தான், இருந்ததையும் கெடுத்துட்டீகளே, மேலாக்க பட்டியை அப்பி அடிச்சு விட்டா முடிஞ்சிருக்குமே" என்றான். "அப்பித்தானே உன் தலையில கட்டினான்" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை, டீ வாங்கப் போய்விட்டான்.

வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளை இரும்பில் ஊசி முனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை குழிகள், உள்ளே துரு. அவற்றையும் தேய்த்தே எடுப்பேன் என்று நின்றால் தகடு போய்விடும். ரஸ்ட் கன்வெர்ட்டர் இந்த இடத்துக்குத்தான், இதற்கு மட்டும்தான். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். குழியில் மிச்சமிருக்கிற மெல்லிய துருவை இரும்பு பாஸ்பேட்டாகவோ கறுப்பு டானேட்டாகவோ மாற்றிவிடும். செதில் செதிலாக நிற்கிற துருவின்மேல் தடவினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். பாஸ்பாரிக் வகை என்றால் டப்பாவில் சொல்லியிருக்கிறபடி கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். அமிலம் மிச்சமிருந்தால் மேலே அடிக்கிற எபாக்ஸி சரியாக இறுகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்குக்கு நல்லது, அதை வைத்துக் கார் கதவை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

மூடுவது

பச்சை இரும்பை இரவு தாண்டி விடக் கூடாது. சுரண்டிய அன்றே, 320 நம்பர் தாளால் பெயின்ட் ஓரங்களைச் சரிவாக்கி, விரலை ஓட்டினால் படி தட்டாமல் செய்து, தின்னர் நனைத்த சுத்தமான துணியால் ஒரே பக்கமாகத் துடைத்து, எபாக்ஸி பிரைமர் போட்டுவிட வேண்டும். துடைத்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். வியர்வையும் உப்புத்தான்.

எபாக்ஸி இரண்டு டப்பாவாக வரும். டப்பாவில் போட்டிருக்கிற கணக்குக்கு அளந்து கலக்க வேண்டும். கண் மதிப்பில் ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று நினைப்பவர்கள் உண்டு, காயாது, பிசுபிசுக்கும். சின்ன இடத்துக்கு நல்ல பிரஷே போதும், ஸ்பிரே வேண்டியதில்லை. இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்ஸைடை இங்கே கொண்டுவராதீர்கள். அது ஈரத்தைத் தடுப்பதில் எபாக்ஸி பக்கத்தில் நிற்காது. மேலே போடுகிற பெயின்டின் தின்னர் பட்டால் சுருங்குவதும் உண்டு.

பட்டி அதற்கு மேல்தான் வரும், அடியில் அல்ல. ஹார்டனர் கலக்கிற பட்டியில் டால்க் பவுடர் இருக்கிறது. காய்ந்த பின்பும் பட்டி ஈரம் குடிக்கும். பச்சை இரும்பில் நேராக அப்பினால், ஒரு கீறல் வழியாக நுழைகிற தண்ணீரை இரும்போடு ஒட்டவைத்துக் கொடுக்கிற வேலையைத்தான் பட்டி செய்யும். எபாக்ஸி காய்ந்ததும் 180 நம்பரால் லேசாக உரசிவிட்டு அதன்மேல் பட்டி பாருங்கள். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் என்பது கணக்கு. பங்குனி வெயிலில் கலந்து சில நிமிஷத்திலேயே இறுகிவிடும். ஒரு எலுமிச்சை அளவுக்கு மேல் கலக்காதீர்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாகப் போட வேண்டியிருந்தால், அந்த இடம் பட்டி கேட்கவில்லை, தகடு கேட்கிறது என்று அர்த்தம்.

கதவில் விழுந்த சின்ன ஓட்டைக்கு? முறைப்படி தகடு வைத்து வெல்டிங்தான். அது முடியாதென்றால், உள்பக்கத் துருவையும் எடுத்து எபாக்ஸி அடித்துவிட்டு, உள்பக்கத்திலிருந்தே ஃபைபர் கிளாஸ் பாயும் ரெசினும் வைத்து அடைக்கலாம். அது கொஞ்ச வருஷம் ஓட்டும், அவ்வளவுதான். கந்தல் துணி, எம்-சீல், பேப்பர் எதையும் திணிக்காதீர்கள். ஓட்டைக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து மேலே பட்டி பார்த்த கதவையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஈரத் தாள் வருஷக்கணக்கில் இரும்பை அணைத்துக்கொண்டு கிடக்கும்.

தேய்ப்பதற்குக் கையில் தாளை வைத்துத் தேய்க்கக் கூடாது, விரல் அழுத்தம் அலையாக விழும். மரக்கட்டையில் சுற்றி, 120, 220, 320 என்று போங்கள். பட்டியை உலர்வாகவே தேயுங்கள். அதன்மேல், பெயின்டுக்கு முன் மேற்பரப்பைச் சமப்படுத்துகிற பூச்சான சர்ஃபேசர் அடித்துக் காய்ந்த பிறகு, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். அப்போதுகூட எங்காவது இரும்பு எட்டிப் பார்த்தால் அங்கே மறுபடி எபாக்ஸி. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும்.

பெயின்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வண்டியின் கலர் பெயர், குறியீடு இன்ஜின் பக்கத் தகட்டிலோ கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். ஆனால் வெயிலில் வெளுத்த வண்டிக்கு அந்தக் கலர் அப்படியே சேராது. பெட்ரோல் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நெல்லையில் கலர் கலந்து தருகிற கடைக்குப் போனால் பொருத்திப் பார்த்துத் தருவார்கள். ஸ்பிரே கேனில் அடைத்தும் கேளுங்கள். வெள்ளை என்றால் வீட்டில் ஒப்பேற்றலாம். சில்வர், மெட்டாலிக் எல்லாம் ஒட்டுப் போட்டால் தெரிந்தே தீரும். முழுக் கதவையும் பட்டறையில் அடியுங்கள். ஹார்டனர் கலந்து ஸ்பிரே செய்கிற பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட், கிளியர் கோட் வகைகளில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் அது வேண்டாம்.

கேனை முக்கால் அடி முதல் ஓரடி தூரத்தில் பிடித்து, தகட்டுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள். முதல் கோட் தூறல் போட்டது மாதிரி இருந்தால் போதும், மூடவே கூடாது. பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு அடுத்தது. பக்கத்தில் பெயின்ட் படாமல் மறைக்கிற டேப்பை ஓரத்தில் அழுத்தி ஒட்டினால் கோடு விழும். ஓரத்தைச் சுருட்டி விடுங்கள், அல்லது கதவில் ஓடுகிற மடிப்புக் கோட்டில் கொண்டுபோய் முடியுங்கள். பாலிஷ் போட ஒரு மாதமாவது பொறுங்கள்.

உள்பக்கம்

இதை விட்டால் மேலே செய்ததெல்லாம் அலங்காரம். கதவு பெரும்பாலும் வெளியிலிருந்து துருப்பிடிப்பதில்லை. கண்ணாடி ரப்பர் வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் கதவடியில் இருக்கிற சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போக வேண்டும். அவை மண்ணில் அடைபட்டால் கதவு தொட்டியாகிவிடும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே பெயின்ட் கீறும். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி விடுங்கள். மச்சினன் கதவில் ஈர்க்கை உருவியதும் செம்மண் குழம்பு வடிந்தது; இரண்டு வாளி தண்ணீர் விட்ட பிறகுதான் தெளிந்தது.

பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, கேவிட்டி வேக்ஸ் என்று நீளக் குழாயோடு கேனில் வருவதை உள்மடிப்புகளில் அடியுங்கள். பெயின்டுக்கு முன்னால் அடித்தால் மெழுகு மேலே பட்டு பெயின்ட் வட்ட வட்டமாக விலகும். பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுகிற வைத்தியம் ஊரெல்லாம் உண்டு. ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், புழுதியைச் சேர்க்கும், பிரேக்கில் வடிந்தால் ஆபத்து. அடிப்பாகத்தில் கறுப்புக் கோட்டிங் அடித்துத் தருகிறோம் என்பவர்களிடம், அடிப்பதற்கு முன் துருவை எடுப்பீர்களா என்று மட்டும் கேளுங்கள். துருவின்மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற பூட்டு.

கடலோரத்தில் நிறுத்துகிற வண்டிக்கு நனைந்த தார்ப்பாயைப் போட்டு மூடாதீர்கள். மணலில் ஓட்டிவிட்டு வந்தால் மேலே கழுவாவிட்டாலும் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் பாய்ச்சுங்கள். வேக்ஸ் அடித்த அன்று கதவடி ஓட்டைகள் வழியாக மிச்ச மெழுகு சொட்டும். அதைத் துடைத்து அடைத்துவிடாதீர்கள். கீழே ஒரு பழைய அட்டையைப் போட்டுவிட்டு, மறுநாள் ஈர்க்குச்சியால் ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.